ஆங்கிலமும் நம் பிள்ளைகளின் பிழைப்பும்

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம் தோட்டங்களில் ஒரே பேச்சுதான். தோட்டம் கைமாறி, லயம் உடைபட்டு, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துபோன நம் மக்களிடமும் அதே பேச்சுதான். "பையனுக்கு மலாய் வந்திருக்கு, கணக்கும் வந்திருக்கு. இந்த இங்கிலீசுதான் கவுத்துடுச்சு!" என்று அம்மா சொல்வார். "நமக்கெல்லாம் அது எங்க வரப்போவுது?" என்று அப்பா பெருமூச்சு விடுவார். பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவான். சில மாதங்களில் அவன் பெட்ரோல் நிலையத்திலோ பாதுகாவலர் சீருடையிலோ நிற்பதைப் பார்க்கிறோம்.

அந்த வேலைகள் இழிவானவை என்று நாம் சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் இழிவல்ல. ஆனால் அவன் அந்த வேலையை விரும்பிப் போனானா, வேறு கதவு எதையும் தட்டத் துணிவில்லாமல் போனானா என்பதை நாம் கேட்டாக வேண்டும். "நமக்கெல்லாம்" என்று தகப்பனார் சொன்னாரே, அந்த ஒரு சொல்லில்தான் விவகாரமே அடங்கிக் கிடக்கிறது. ஆங்கிலம் வேறு யாருக்கோ சொந்தமானது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?

அன்று நம்மைப் பிரித்த வேலி

வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டத்தில் ஆங்கிலம் ஒரு முள்வேலி. துரை பங்களாவில் ஆங்கிலம், ஆபீசில் ஆங்கிலம். லயத்திலும் பெரட்டுக் களத்திலும் தமிழ். இரண்டுக்கும் நடுவே கிராணியார் நின்றார். அந்த உத்தியோகத்துக்கு ஆங்கிலம் படித்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வரவழைக்கப்பட்டார்கள். துரை சொன்னதை அவர் நமக்குச் சொன்னார். நாம் சொன்னதை அவர் துரைக்குச் சொன்னார், அல்லது சொல்லாமல் விட்டார். நம் சம்பளக் கணக்கும் மருந்துச் சீட்டும் நாம் படிக்க முடியாத மொழியில் இருந்தன.

பள்ளிக்கூடம் இல்லாமலா இருந்தது? இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையாகவே இருந்தது. கங்காணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பிள்ளைக்கு நாலெழுத்துத் தெரிந்தால் போதும், பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. அங்கே படிக்கக் கட்டணமும் வேண்டும், போய்வர வழியும் வேண்டும்.

இந்தப் பிரிவு தொழிற்சங்கம் வரைக்கும் வந்தது. ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தாலும் தொழிலாளிக்கு ஒரு சங்கம், சிப்பந்திகளுக்கு வேறொரு சங்கம். ஆகவே, ஆங்கிலம் பேசுகிறவர் நம்மவர் அல்ல, மேலிடத்து ஆள் என்ற எண்ணம் நம் பாட்டன் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. துரை கப்பலேறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த எண்ணம் மட்டும் இன்னும் லயத்தை விட்டுக் கிளம்பவில்லை.

சட்டம் மாறியது, கதவு மாறவில்லை

1957இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது மலாய் தேசிய மொழியானது. ஆங்கிலத்துக்குப் பத்தாண்டுத் தவணை கொடுக்கப்பட்டது. 1967இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்க்கு மாற்றப்பட்டன.

இந்த மாற்றத்தால் தோட்டப் பிள்ளைக்கு நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. ஆறாம் ஆண்டோடு நின்றுபோன தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, ஓராண்டு புதுமுக வகுப்பில் இருந்தாவது, இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியதே தவிர, தனியார் கம்பெனிகளின் ஆபீசிலிருந்து அது வெளியேறவில்லை. வங்கியிலும், தொழிற்சாலை நிர்வாகத்திலும், பெரிய ஓட்டலிலும் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. வசதி படைத்தவர் வீட்டில் ஆங்கிலம் தொடர்ந்தது. லயத்து வீட்டில் அது முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பிறகு 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள். 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2016இல் இருமொழித் திட்டம் என்று, விரும்பும் பள்ளிகள் அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்றார்கள். தமிழ்ப்பள்ளிகளில் அது தேவையா, அதனால் தமிழ்ப்பள்ளியின் தன்மை கெடுமா என்று நம் சமூகத்துக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. இரு தரப்பிலும் நல்லெண்ணம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொள்கை மாறும்போதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, படித்த அப்பா அம்மா இருக்கிறார்கள். அது எப்படியும் சமாளித்துக்கொள்ளும். எந்தக் கொள்கை வந்தாலும் முதலில் அடிபடுவது, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத நம் பிள்ளைதான்.

எந்த வேலைக்கு எந்த மொழி?

"இங்கிலீசு தெரிஞ்சாத்தான் வேலை" என்று ஒரேயடியாகச் சொல்வதும் தவறு, "இங்கிலீசு இல்லாமலே பிழைக்கலாம்" என்பதும் தவறு. பிரித்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்க உத்தியோகத்துக்கு மலாய்தான் சாவி. 2013 முதல் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. ஆங்கிலத்துக்காக மலாயை அலட்சியம் செய்கிற பிள்ளை, கையில் இருக்கிற சாவியைக் கிணற்றில் போடுகிறது.

தொழிற்சாலை வேறு கதை. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய வர்த்தக வட்டாரத்தில் எத்தனையோ தோட்டத்துப் பெண்பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். இயந்திரத்தின் முன் நின்று செய்யும் வேலைக்கு மலாய் போதும். ஆனால் அந்த இயந்திரம் பழுதானால் திருத்துவது எப்படி என்கிற புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. என்ன பழுது, எவ்வளவு நேரம் வேலை நின்றது என்று மேலிடத்துக்கு எழுதும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வேலையில் கெட்டிக்காரரான நம்மவர் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு அதே இடத்தில் நிற்க, நேற்று வந்தவர் மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறாரே என்று நம்மிடம் வந்து குறைபட்டவர்கள் பலர். விசாரித்துப் பார்த்தால், சில இடங்களில் பாரபட்சம்தான் காரணம். ஆனால் பல இடங்களில் இந்த அறிக்கை எழுதும் வேலைக்கு நம்மவர் "வேண்டாங்க, எனக்கு வராது" என்று தாமே ஒதுங்கியிருக்கிறார்.

ஓட்டல், விமான நிறுவனம், தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவை, சிங்கப்பூரில் பல வேலைகள் ஆகியவற்றுக்குப் பேச்சு ஆங்கிலம் வேண்டும். அங்கே இலக்கணத்தைவிடத் தயக்கமில்லாத வாய்தான் முக்கியம். இன்னும் சில விளம்பரங்களில் மாண்டரின் கேட்கிறார்கள். அந்தக் கதவை ஆங்கிலத்தால் திறக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. முதலில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும், ஆகஸ்டிலிருந்து சிறிய இடங்களிலும் நடப்புக்கு வந்தது. அது கீழ்க்கோடு. அந்தக் கோட்டிலேயே ஆயுசு முழுவதும் நிற்பதா, இரண்டு படி மேலே ஏறுவதா என்ற இடத்தில்தான் ஆங்கிலம் வந்து வழிமறிக்கிறது.

நாக்கு ஏன் எழவில்லை?

பதினோரு ஆண்டு பள்ளியில் ஆங்கிலப் பாடம் படித்த பிள்ளை, பேட்டிக்குப் போய் உட்கார்ந்ததும் ஊமையாகிவிடுவது ஏன்? மூளை இல்லையா? வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பக்கத்து இந்தோனேசியத் தொழிலாளியோடு அவர் பேச்சு என்று மூன்று விதமாகப் பேசுகிற பிள்ளைக்கா மூளை இல்லை?

அது வெட்கத்தின் வேலை. அந்த வெட்கத்தை ஊட்டியவர்கள் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். பிள்ளை லயத்து வாசலில் இரண்டு வார்த்தை ஆங்கிலம் பேசினால், "என்னப்பா, பெரிய துரை ஆயிட்டியா?" என்று நாமே கேலி செய்கிறோம். பள்ளியில் தப்பாகப் பேசினால் வகுப்பே சிரிக்கிறது. பட்டணத்தில் ஆங்கிலம் படித்த நம்மவரிடம் பேசினால், "தமிழ்ஸ்கூல் பையனா?" என்று ஒரு பார்வை பார்க்கிறார். பேசினாலும் அடி, பேசாவிட்டாலும் அடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல. இந்த நிலையில் வாயை மூடிக்கொள்வதே மானம் என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

இதை உலகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டுவாக்கில் கனடாவில் போனி நோர்ட்டன் என்ற அம்மையார், வேறு நாடுகளிலிருந்து குடியேறிய ஐந்து பெண்கள் ஆங்கிலம் கற்பதைத் தொடர்ந்து கவனித்து எழுதினார். அவர்களில் ஒருவர் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர், பிள்ளைகளுக்குத் தாய். சொந்த நாட்டில் நில அளவைத் தொழில் படித்தவர். கனடாவில் துரித உணவுக் கடையில் வேலை. அங்கே இருந்த இளவட்டங்கள் தாங்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சுத்தம் செய்யும் வேலையை எல்லாம் இவர் தலையில் கட்டின. டெலிபோன் மணி அடித்தால் எடுக்கப் பயந்தவர் அவர். ஆனால் வீட்டுக்காரர், ஓராண்டு வாடகை முழுவதையும் கட்டியாக வேண்டும் என்று மிரட்டிய அன்று, குடும்பத்துக்காக அவரோடு டெலிபோனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். இலக்கணம் அப்போது அவர் நினைவுக்கே வரவில்லை. கடையிலும் அப்படித்தான். "இவர்கள் என் பிள்ளை வயதுக்காரர்கள், எனக்கு உத்தரவு போடுவதா?" என்று நினைத்த பிறகு அவர் வாய் திறந்தது.

பாருங்கள், அவருக்குத் திடீரென்று புதிதாக ஆங்கிலம் வந்துவிடவில்லை. "நான் ஆங்கிலம் தெரியாத வந்தேறி" என்று நினைத்தபோது வராத பேச்சு, "நான் ஒரு தாய்" என்று நினைத்தபோது வந்தது. ஒரு மொழியைக் கற்கிறவர் அந்த மொழியில் தம்மை யாராகக் காண்கிறார் என்பது இலக்கணத்துக்குக் குறைந்த விஷயமல்ல என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம். நம் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளுக்குப் போய், தாங்கள் செய்த பொருளை ஆங்கிலத்தில் விளக்கிப் பரிசு வாங்கி வருகிறார்கள். தன் கையால் செய்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிள்ளை பிறரைப் பார்த்துக் கூசுவதில்லை.

தமிழை விட்டால் ஆங்கிலம் வருமா?

இதைக் கேட்டதும் சிலர், "அப்படின்னா வீட்டிலேயே இங்கிலீசு பேசிடுவோம், தமிழ் எதுக்கு?" என்று கிளம்பிவிடுவார்கள். பட்டணத்துக்கு வந்த சில குடும்பங்களில் இது நடக்கவும் செய்கிறது. தாய்க்கு ஆங்கிலம் பத்து வாக்கியம் தெரியும். அந்தப் பத்து வாக்கியத்தையே வைத்துப் பிள்ளையை வளர்க்கிறார். "கம், ஈட், சிட், டோன்ட்" என்பதோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடுகிறது. கதை இல்லை, கேள்வி இல்லை, பாட்டியோடு பேச்சு இல்லை. பிள்ளைக்குத் தமிழும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை. யோசிப்பதற்கே ஒரு மொழி இல்லாமல் போகிறது.

கனடாவில் வாலஸ் லாம்பர்ட் என்ற அறிஞர் 1970களில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். இருக்கிற மொழியோடு இன்னொன்றைக் கூட்டுவது ஒரு வகை. இருப்பதைக் கழித்துவிட்டு இன்னொன்றை வைப்பது மற்றொரு வகை. தம் மொழிக்கு மதிப்பில்லை என்று நினைக்கவைக்கப்பட்ட சிறுபான்மையினருக்கே பெரும்பாலும் இரண்டாவது நேர்கிறது.

அண்டை நாடான சிங்கப்பூரைப் பார்த்தால் நிலைமை தெரியும். அங்கே 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. 1987இல் ஆங்கிலமே எல்லாப் பள்ளிகளிலும் முதல் மொழியானது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் அங்கே இரண்டாம் மொழி என்றால் தமிழ்! இன்று அதை வீட்டுப் பேச்சாகக் காப்பாற்றத் தனி முயற்சிகள் எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இங்கே தமிழ்ப்பள்ளிகள் 500க்கு மேல் இன்னும் இருக்கின்றன. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்க ஓட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆங்கிலம் தராதது

ஆங்கிலத்துக்கு அளவுக்கு மீறி மகிமை கற்பிப்பதும் ஆபத்து. நல்ல ஆங்கிலமும் பட்டமும் இருந்தும் பேட்டிக்கே அழைக்கப்படாத பிள்ளைகள் உண்டு. லீ ஹுவோக் அவுன், முகமட் அப்துல் காலிட் என்ற இருவர் நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு செய்தார்கள். சீனப் பெயர்களிலும் மலாய்ப் பெயர்களிலும் பட்டதாரி விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது, தகுதி சமமாக இருந்தும் சீனப் பெயர்களுக்கே அதிக அழைப்பு வந்தது. 2016இல் அது வெளிவந்தது. நம்மவரை அந்த ஆய்வு தொடவில்லை. ஆனாலும் தகுதியைத் தவிர வேறு கணக்குகளும் வேலைச் சந்தையில் உண்டு என்பதற்கு அதுவே போதும். ஆகவே வேலை கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, "உன் இங்கிலீசு சரியில்ல, அதான்" என்று எல்லாப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள். முதலாளிமார் ஆங்கிலக் குறையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வேலையிடத்திலேயே கற்றுக்கொடுக்க எத்தனை பேர் முன்வந்தார்கள் என்றும் நாம் கேட்போம்.

இன்னொரு பக்கம், வேலை தேடும் பிள்ளைக்கு மட்டுமே ஆங்கிலம் தேவை என்றும் எண்ணாதீர்கள். வேலை நிறுத்தக் கடிதம் நம் கைக்கு வரும்போது அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. தோட்டம் விற்கப்பட்ட ஓரிடத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பல மாதம் கழித்துச் சங்கத்துக்கு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆட்குறைப்பில் நின்றவருக்கு, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் நஷ்டஈடு உண்டு. கடிதம் புரியாததால் 60 நாள் கடந்துபோனால் அந்த மனுவின் கதி என்ன? படித்த ஒரு பிள்ளை வீட்டில் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்துச் சொல்லியிருந்தால் போதுமே!

இனி செய்ய வேண்டியது

முதலாவது, கேலியை நிறுத்துவோம். தப்பாகப் பேசுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத வீடு, பெரிய டியூஷனுக்குச் சமம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "இன்னிக்கு என்னம்மா படிச்ச, எனக்குத் தமிழ்ல சொல்லு" என்று கேட்டால் போதும். தமிழில் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் விளக்க ஒரு பிடி கிடைத்துவிடும்.

இரண்டாவது, பிள்ளையிடம் உண்மையான வேலையைக் கொடுங்கள். சொக்சோ கடிதம், சேமநிதிக் கணக்கு, மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் தாள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் அதையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். குடும்பத்துக்காகப் பேசுகிறேன் என்ற எண்ணம் வந்துவிட்டால் அந்தக் கனடாத் தாய்க்கு வந்த துணிவு நம் பிள்ளைக்கும் வரும்.

மூன்றாவது, கோயில் மண்டபமும் சமூக மண்டபமும் வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஓர் இரவு அதைத் திறந்துவிடுங்கள். வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, பேட்டியில் என்ன கேட்பார்கள், அறிக்கை எப்படி எழுதுவது என்று தம்பி தங்கைகளோடு பேசிப் பழகட்டும். தோட்டத்துப் பேச்சில் வளர்ந்த அண்ணனும் அக்காளும் ஆங்கிலம் பேசுவதைக் கண்ணால் பார்த்தால்தான், "இது நம்ம ஆளுங்க பேசறதுதான்" என்று சின்னதுகளுக்குப் புரியும்.

நான்காவது, சங்கங்களின் பங்கு. கூட்டு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. அதன் ஷரத்துகளைத் தமிழிலும் மலாயிலும் ஒவ்வொரு தலத்திலும் விளக்கிச் சொல்வதோடு, மூல வாசகத்தையும் உறுப்பினர் கையில் கொடுத்துப் படிக்கப் பழக்க வேண்டும். தமக்குரிய விடுமுறையும் போனசும் எழுதியிருக்கிற பக்கத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எது?

மலாய் நம் நாட்டு மொழி, அதில் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைக்கக் கூடாது. தமிழ் நம் வீட்டு மொழி, அதை விடவும் கூடாது. ஆங்கிலம் ஒரு கருவி. பால் வெட்டும் கத்தியை நம்மவர் பழகியதும் இப்படித்தான். முதல் நாள் மரம் காயப்பட்டது, கையும் காயப்பட்டது. நிறைக்குப் போவதை அதற்காக யாரும் நிறுத்தவில்லை. அடுத்த முறை பேட்டிக் கடிதம் வரும்போது பிள்ளையை அனுப்பிவையுங்கள். தப்பாகப் பேசினாலும் பேசிவிட்டு வரட்டும்.